பாதுகாப்பு அமைச்சகத்தில் யாரிடம் போவது? கொங்குப் பக்கத்துக் கேள்விகள்

ராணுவக் கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் காங்கேயம் பக்கம். அமைச்சகம் பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

சூலூர், கல்லூரி மாணவி: பாதுகாப்பு அமைச்சகம் என்றால் முப்படைதானே ஐயா? தனியாக அதற்குள் என்ன இருக்கிறது?

இல்லை அம்மிணி. போர் செய்வது படை. அதற்குப் பணம், ஆயுதம், கொள்கை, ஓய்வூதியம் எல்லாம் பார்ப்பது அமைச்சகம். அதற்குள் ஐந்து துறைகள். கொள்கை, பட்ஜெட், பெரிய ஆயுதக் கொள்முதல், கடலோரக் காவல்படை, என்.சி.சி. இவை பாதுகாப்புத் துறையிடம். அதன் தலைவர் பாதுகாப்புச் செயலாளர், ஐ.ஏ.எஸ். அதிகாரி. முப்படைகளும் பிராந்திய ராணுவமும் 2020-இல் வந்த ராணுவ விவகாரத் துறையிடம். 1962 சீனப் போர் நேரத்தில் பிறந்தது உற்பத்தித் துறை. ஆராய்ச்சித் துறை 1980-இல் வந்தது, ஆயுத ஆராய்ச்சி செய்யும் டி.ஆர்.டி.ஓ. அதன் கீழ். முன்னாள் படைவீரர் நலத் துறை 2004-இல்தான் வந்தது.

அதே மாணவி: எங்க ஊரிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டரில் இறந்த பிபின் ராவத், ராணுவத் தளபதிக்கெல்லாம் மேலா?

அவர்தான் முதல் முப்படைத் தலைமைத் தளபதி. 2020 ஜனவரி 1-இல் பொறுப்பேற்றார். 2021 டிசம்பர் 8-இல் சூலூரிலிருந்து வெலிங்டன் போகும்போது குன்னூர் அருகே அந்த விபத்து. அந்தப் பதவிக்கும் மற்ற மூன்று தளபதிகளைப் போல நான்கு நட்சத்திரத் தகுதிதான். மூன்று தளபதிகளுக்கு அவர் கட்டளையிட முடியாது. முப்படைக்கும் பொதுவான விஷயங்களில் அமைச்சருக்கு ஆலோசகர்; கூடவே ராணுவ விவகாரத் துறையின் செயலாளர். சீருடையில் இருப்பவர் ஒரு துறைக்கே செயலாளராக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கார்கில் போருக்குப் பிறகு 2001-இல் அமைச்சர்கள் குழு பரிந்துரைத்த பதவி, வர இத்தனை வருஷம் ஆயிற்று.

பொள்ளாச்சி, ஆசிரியர்: ராணுவமே தெரியாதவர் பாதுகாப்பு அமைச்சராக இருப்பது சரியா?

சரிதானுங்க, அப்படித்தான் இருக்கணும். முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம். நாட்டின் பாதுகாப்புக்குப் பொறுப்பு அமைச்சரவை. நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொல்ல வேண்டியவர் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்களில் ஒருவராக இருந்தால்தான் படை மக்களுக்குக் கட்டுப்பட்டு நிற்கும். உங்க பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம் 1979-80-இல் இந்த நாற்காலியில் இருந்தவர். அவரைச் சிப்பாயாகவா நினைக்கிறோம்? உணவு அமைச்சராகத்தானே.

ஈரோடு, படைவீரரின் மனைவி: வீட்டுக்காரர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தார். குடும்ப ஓய்வூதியத்தில் என் பெயர் ஆதாரோடு ஒத்துப் போகவில்லை. கலெக்டர் ஆபீஸ், பேங்க் என்று அலைகிறேன்.

அக்கா, இதை மட்டும் நிதானமாகப் படிங்க. ஓய்வூதிய விதியை வகுப்பது முன்னாள் படைவீரர் நலத் துறை. தொகையை அனுமதித்துப் போடுவது ராணுவக் கணக்குத் துறை. அதன் ஓய்வூதிய அலுவலகம் பிரயாக்ராஜில், இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய முறை வழியாக. ஆனால் உங்க பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பது இந்த இரண்டிடமும் இல்லை. வீட்டுக்காரரின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில். அங்கே திருத்தினால்தான் மற்ற இடத்தில் மாறும். பேங்கில் எத்தனை மனு கொடுத்தாலும் அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் போங்க. அது மாநில அரசுடையது, ஆனால் உங்க கடிதத்தை வெலிங்டனுக்கு முறைப்படி அனுப்பி வைப்பார்கள். பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை, ஆதார், வீட்டுக்காரரின் டிஸ்சார்ஜ் புத்தகம் மூன்றின் நகலையும் எடுத்துப் போங்க. வருஷாவருஷம் ஆயுள் சான்று தருவதையும் விட்டுவிடாதீங்க. நம்ம ஊர்ல வயசான பெண்கள் தவறான வாசலில் நிற்பதைப் பார்த்தால் மனசு தாங்குவதில்லை.

கணபதி, லேத் பட்டறைக்காரர்: எங்களிடம் கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின் இரண்டு இருக்கு. அமைச்சகத்துக்கு சப்ளை செய்ய டெல்லி போகணுமா?

வேண்டாமுங்க. டெல்லியில் அமைச்சர் தலைமையில் கூடும் கொள்முதல் மன்றம் விமானம், பீரங்கி மாதிரிப் பெரிய வாங்கல்களைப் பார்க்கிறது. உங்க வாசல் உற்பத்தித் துறை. விமானம் செய்யும் எச்.ஏ.எல்., மின்னணுக் கருவி செய்யும் பி.இ.எல். இரண்டும் அதன் கீழ்தான். 2021 அக்டோபரில் பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகள் ஆக்கினார்கள். நம்ம அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை அதில் ஒன்றான மியூனிஷன்ஸ் இந்தியாவுக்குப் போனது. இவர்களிடம் வெண்டராகப் பதியுங்க. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவை, சேலம், ஓசூர் மூன்றும் உண்டு. கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்பு மையத்தில் போய்க் கேட்டால் வழி காட்டுவார்கள்.

ஒரு விஷயம். பம்ப் ஜாப் ஒர்க்கில் அளவு சரியாக வந்தால் சரக்கு போய்விடும். இங்கே அது போதாது. எந்த ஹீட் நம்பர் (உருக்காலை ஒவ்வொரு உருக்குத் தொகுதிக்கும் போடும் எண்) இரும்பில் செய்தீர்கள், அதன் டெஸ்ட் சர்டிபிகேட் எங்கே, அளந்த கேஜுக்குக் காலிபரேஷன் உண்டா என்று இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகக் கேட்பார். முதல் சாம்பிள் பாஸாகும்வரை மொத்த ஓட்டத்தில் இறங்காதீங்க.

துடியலூர், இளைஞர்: இங்கே இருக்கும் சி.ஆர்.பி.எஃப். பயிற்சிக் கல்லூரியும் இந்த அமைச்சகம்தானே?

இல்லை தம்பி, அது உள்துறை. பி.எஸ்.எஃப்.பும் அங்கேதான்.

உடுமலை, ஒரு தகப்பன்: அமராவதிநகர் சைனிக் பள்ளியில் பெண்ணைச் சேர்க்கலாமா?

தாராளமாக. 1962-இல் தொடங்கிய பள்ளி. அமைச்சகத்தின் கீழுள்ள சைனிக் பள்ளிகள் சங்கம் நடத்துகிறது. ஆறாம் வகுப்புக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதணும்; மார்ச் 31 கணக்கில் வயது 10 முதல் 12-க்குள். பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் தேதி சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்க.