மலைக்கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் சொத்தை அதிகம். பல் டாக்டர் பக்கத்தில் இல்லை. நாங்கள் என்ன செய்யலாம்?

ஜவ்வாது மலையில் 25 பிள்ளைகள் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளி, ஒருநாள் பல் முகாம் நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முகாமை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். யாருக்கு எத்தனை சொத்தை என்று எழுதிக்கொண்டு போவார்கள், அடுத்த வருஷம் அந்த எண்ணிக்கை கூடியிருக்கும். அதே காசில் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு சேர்த்த பேஸ்ட் வாங்கி, பள்ளியிலேயே தினம் ஒருவேளை பல் துலக்க வையுங்கள். காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் அங்கேதான் சாப்பிடுகிறார்கள்; சாப்பிட்டு முடித்ததும் துலக்க வைப்பது தோது.

பேஸ்ட் விலை உசத்தியாக இருக்க வேண்டியதில்லை. டியூபின் பின்பக்கம் ஃபுளோரைடு 1000 பிபிஎம் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே அதுதான். மூலிகை பேஸ்ட், பல்பொடி பெரும்பாலானவற்றில் ஃபுளோரைடே கிடையாது. பழ வாசனையோடு வரும் குழந்தைகள் பேஸ்ட் பலவற்றிலும் இதே கதைதான். செங்கல் பொடியும் கரியும் எனாமலைத் தேய்த்துவிடும். பட்டாணி அளவு பேஸ்ட், அதாவது கால் கிராம், ஒருவருக்குப் போதும். 25 பேருக்கு 200 பள்ளி நாளைக்கு 1,250 கிராம். 150 கிராம் டியூப் ஒன்பது வாங்கினால் வருஷம் ஓடிவிடும். 3 வயதுக்குக் கீழ் என்றால் அரிசி அளவுதான்.

டியூபின் வாயை ஒவ்வொரு பிரஷ்ஷிலும் தொட்டுப் பிதுக்காதீர்கள், ஒருவர் எச்சில் எல்லோருக்கும் போகும். ஒரு சுத்தமான தட்டின் விளிம்பில் பொட்டுப் பொட்டாக வைத்தால் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டு நிமிஷம் துலக்கியதும் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். தண்ணீர் கஷ்டம் உள்ள பள்ளிக்கு இது வசதியும்கூட. பிரஷ்ஷைக் கழுவி, பெயர் எழுதி, ஒன்றோடொன்று உரசாமல் தலை மேலே இருக்கும்படி நிற்க வையுங்கள். ஈரத்தோடு மூடி போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

கவனம் அதிகம் தேவைப்படுவது ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லுக்கு. எந்தப் பால் பல்லும் விழாமல், கடைசிப் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வரும். 'விழுந்து முளைக்கிற பல்தானே' என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அதுவோ ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். முளைக்கும்போது மற்ற பற்களைவிடத் தாழ்ந்து நிற்பதால் பிரஷ் அதைத் தொடாமலே போகும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பின்னால் நின்று, தாடையைத் தாங்கி, பிரஷ்ஷைப் பக்கவாட்டில் நுழைத்து அந்தப் பல்லின் மேல் உள்ள குழிகளை ஆசிரியரே ஒருமுறை தேய்த்துவிடட்டும். ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கைக்கு அது எட்டாது.

வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியது ஒன்றுதான்: ராத்திரி துலக்கிய பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். மிட்டாயை அடியோடு நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க வாயில் ஒதுக்கிக்கொண்டே இருப்பதுதான் பல்லை அரிக்கும்.

ஃபுளோரைடு அளவு மீறினாலும் பல்லுக்குக் கெடுதல்தான். அதனால் ஆரம்பிக்கும் முன் ஊர்த் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போல ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் முதலில் மாற்ற வேண்டியது தண்ணீரை. அங்கே 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பல் மருத்துவரைக் கேட்காமல் இந்த பேஸ்ட் வேண்டாம்.

ஏற்கெனவே சொத்தை விழுந்த பல்லுக்கு சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற மருந்து உண்டு. ஊசி இல்லை, மெஷின் இல்லை. பல் மருத்துவர் அதில் ஒரு சொட்டைத் தடவினால் பெரும்பாலும் சொத்தை அங்கேயே நிற்கும். ஆனால் சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். அதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்காவிட்டால் மறுநாள் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான். பிள்ளைகளைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு வரும் ஆர்பிஎஸ்கே (அரசின் சிறார் நலத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் அப்படிப்பட்ட பிள்ளைகளின் பட்டியலைக் கொடுத்து, மாவட்ட மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அந்தக் குழுவுக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரி. வீக்கம் கண் பக்கம் ஏறினாலோ, தாடைக்குக் கீழே இறங்கி எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ உடனே 108.