பால் கேன், தக்காளி கிரேட், பள்ளிக்கூடப் பை: வண்டிச் சுமை பற்றிய வாசகர் கேள்விகள்

தருமபுரியில் டூ வீலர் பட்டறை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் லோடு ஏற்றுவது பற்றித்தான். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த நாளிலிருந்தே இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இரண்டு சக்கர வண்டி என்பது பாதி சவாரி, பாதி லாரி. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, தனித்தனியாக நிற்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து, வீடு வீடாகப் பால் வாங்கிச் சேர்க்கும் ஒருவர்: எக்ஸ்எல் வண்டியில் இரண்டு பக்கமும் 20 லிட்டர் கேன் மாட்டியிருக்கிறேன். கேன் நிறைந்திருந்தால் வண்டி நன்றாகப் போகிறது. பாதி இருக்கும்போது வளைவில் ஆளைத் தள்ளுகிறது. எடை குறையும்போது எப்படி மோசமாகும்?

அருமையான கேள்வி. பட்டறையில் உங்கள் தொழில்காரர்கள் பலர் இதையே வேறு மாதிரி கேட்பார்கள்: "டயர் போயிருச்சா பாருங்கண்ணே" என்று. டயரில் ஒன்றும் இருக்காது.

நிறைந்த கேனில் பாலுக்கு அசைய இடமில்லை. வண்டியோடு ஒட்டிய ஒரு கல் மாதிரி இருக்கும். பாதிக் கேனில் பத்துக் கிலோ பால் உள்ளேயே அலை அடிக்கிறது. நீங்கள் வண்டியை இடப்பக்கம் சாய்த்து வளைக்கும்போது அது கொஞ்சம் தாமதமாக வந்து கேனின் சுவரில் மோதும். நீங்கள் நிமிர்த்தும்போது அது இன்னும் சாய்ந்தே இருக்கும். ஆளைத் தள்ளுவது அந்தத் தாமதம்தான். பிரேக் பிடித்தாலும் இதே கதை: வண்டி நின்ற பிறகு பின்னாலிருந்து ஒரு உந்து வரும், கவனித்திருப்பீர்கள். நம் வீட்டுப் பெண்கள் தண்ணீர்க் குடத்தில் ஒரு கொத்து இலையைப் போட்டுத் தூக்கி வருவது இந்த அலையை அடக்கத்தான். பாலில் இலை போட முடியாது, அதனால் வேறு வழி பார்க்க வேண்டும்.

இரண்டு 20 லிட்டருக்குப் பதில் நான்கு 10 லிட்டர் கேன் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீடுகளில் வாங்கும் பாலை இடப்பக்கத்து ஒரு கேனில் ஊற்றி நிரப்புங்கள். அடுத்தது வலப்பக்கம், மறுபடி இடம், மறுபடி வலம். எந்த நேரத்திலும் ஒரு கேன் மட்டுமே பாதியாக இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பத்துக் கிலோவைப் பெரிதாகத் தாண்டாது. இரண்டு பெரிய கேனில் ஒன்றை முழுக்க நிரப்பிவிட்டு அடுத்ததைத் தொடுகிறவர்கள் ஒரு பக்கம் இருபது கிலோவும் மறுபக்கம் காற்றுமாக அரை மணி நேரம் ஓட்டுகிறார்கள். அது அலையைவிடக் கெட்டது.

இன்னும் இரண்டு விஷயம். கேன் உட்காரும் இரும்பு வளையத்தில் பழைய டியூப்பை வெட்டிச் சுற்றுங்கள். கடகடவென்று ஆடுகிற கேன் வெல்டிங்கை விரிசல் விட வைக்கும். அப்புறம், கேன் ஸ்டாண்டின் அகலம் ஹேண்டில்பாரைத் தாண்டக் கூடாது. ஹேண்டில் நுழைகிற சந்தில் வண்டியும் நுழையும் என்றுதான் கை பழகியிருக்கிறது. பின்னால் அகலமாக இருந்தால் கேன்தான் முதலில் முட்டும்.

சூளகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்: லேப்டாப் பை முதுகில், சாப்பாட்டுப் பை ஹேண்டிலில். ஆறு மாதமாகத் தோள்வலி. பையை வண்டியில் கட்டினால் லேப்டாப் கெட்டுவிடுமா?

கெடாது, ஒழுங்காகக் கட்டினால். பையைப் பின்சீட்டில் படுக்கவைத்து, அடியில் ஒரு மடித்த துண்டோ பழைய ஃபோம் துண்டோ போட்டு, குறுக்கே இரண்டு பட்டையால் இறுக்குங்கள். செங்குத்தாக நிறுத்திக் கட்டினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதன் விளிம்பு இடி வாங்கும். முதுகில் பை வைத்து ஓட்டுவதில் தோள்வலி ஒரு பக்கம். விழுந்தால் முதுகெலும்புக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் சார்ஜரும் டிஃபன் பாக்ஸும் மாட்டிக்கொள்ளும் என்பது இன்னொரு பக்கம். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

ஹேண்டிலில் சாப்பாட்டுப் பை தொங்குவதை இன்றோடு விடுங்கள். முன்சக்கரம் திரும்புகிற ஒவ்வொரு முறையும் அது ஊஞ்சல் ஆடுகிறது. தேசிய நெடுஞ்சாலை 44-இல் கன்டெய்னர் லாரி உங்களைத் தாண்டும்போது முதலில் காற்று வெளியே தள்ளும், லாரி கடந்ததும் உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் ஹேண்டிலில் ஒரு கிலோ சாம்பார் சாதம் ஆடுவது உங்களுக்குத் தேவையில்லை. லேப்டாப் பையின் மேலேயே சாப்பாட்டையும் கட்டுங்கள். சாம்பாரைத் தனி பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வையுங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

தருமபுரி வாசகர்: 125 சிசி வண்டி. நானும் மனைவியும் இரண்டு நாள் ஏற்காடு போகிறோம். நான் 74 கிலோ, அவர் 60. பைகள் 18 கிலோ வரும். வண்டி தாங்குமா?

எடையை எழுதி அனுப்பியதற்கு நன்றி. யாரும் அனுப்புவதில்லை. கூட்டுவோம்: 74, 60, 18. மொத்தம் 152. உங்கள் வண்டியின் கையேட்டைத் திறந்து அதிகபட்சச் சுமை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். இந்த வகை வண்டிகள் பலவற்றில் அது 130 கிலோவை ஒட்டி இருக்கும். அந்தக் கணக்கில் நீங்களும் மனைவியும் ஏறி உட்கார்ந்ததுமே கணக்கு முடிந்துவிட்டது. பை எல்லாமே உபரி.

போகவே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் உங்கள் வழியைப் பாருங்கள். முதலில் தொப்பூர் கணவாய் இறக்கம். விபத்துக்குப் பேர்போன இடம், கூடவே பிரேக் சூடேறிய லாரிகள் வரும். அப்புறம் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. மறுநாள் அதே வளைவுகளில் இறக்கம். கூடுதல் சுமையின் விலையை இறக்கத்தில்தான் கட்டுவீர்கள்.

18 கிலோவை 8 ஆக்குங்கள். இரண்டு நாளுக்கு இரண்டு ஜோடித் துணி, ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு. எடை தெரியவில்லை என்றால் பையைப் பழைய பேப்பர் கடையில் கொடுத்து நிறுத்துப் பாருங்கள், காசு வாங்க மாட்டார்கள். மீதி இருப்பதை இரண்டு பக்கமும் சம எடையாகத் தொங்கும் பையில் போடுங்கள். கனமான பொருள் அடியில், பின்சக்கரத்தின் அச்சுக்கு முன்னால் வர வேண்டும். அச்சுக்குப் பின்னால் கேரியரில் கனம் ஏறினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் அலையும். சைலன்சர் இருக்கும் பக்கத்துப் பை அதைத் தொடவே கூடாது. கை நுழையும் இடைவெளி வேண்டும். உருகிய நைலான் பையைச் சைலன்சரிலிருந்து நான் சுரண்டி எடுத்த நாட்கள் உண்டு.

காற்று கட்டாயம். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பின் டயருக்கு இரண்டு எண் இருக்கும், தனியாக ஓட்ட ஒன்று, இருவர் போக ஒன்று. பெட்ரோல் பங்கில் "ரெண்டுக்கும் முப்பது வைங்க" என்று சொல்வதை விட்டுவிட்டு அந்த இரண்டாவது எண்ணை வையுங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே. பின் ஷாக் அப்சார்பரின் அடியில் படிப்படியாக இருக்கும் வளையத்தைச் சி ஸ்பேனரால் (சி எழுத்து மாதிரி வளைந்த ஸ்பேனர்) இரண்டு படி ஏற்றுங்கள், இரண்டு பக்கமும் ஒரே படியில். திரும்பி வந்ததும் இறக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் தனியாக ஓட்டும்போது இடுப்பு சொல்லும்.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இரண்டாவது, மூன்றாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள்.

கிருஷ்ணகிரி கல்லூரி மாணவர்: இரண்டு பக்கமும் கொக்கி உள்ள ரப்பர் கயிறு போதுமா?

தம்பி, என் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு முன், ஒரு ஸ்டவ் பெட்டியைக் கட்டும்போது ரப்பர் கயிற்றை முழு நீளத்துக்கு இழுத்துக் கேரியர் கம்பியில் மாட்டப் போனேன். மாட்டியிருந்த எதிர்க் கொக்கி விட்டுவிட்டது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். அன்றிலிருந்து அதை நான் இழுக்கும்போது முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டுதான் இழுப்பேன்.

லேசான பொருளுக்கு அது போதும். பிரச்சினை என்னவென்றால், நீளுவதுதான் அதன் குணம். பள்ளத்தில் பெட்டி எகிறும்போது அதுவும் கூடவே நீண்டு கொடுக்கும். கனமான பொருளை நீளாத பட்டையாலோ நைலான் கயிற்றாலோ இறுக்கிவிட்டு, மேலே காவலுக்கு ரப்பரைப் போடுங்கள். காய்கறி மார்க்கெட்டில் டியூப்பை நீளமாக வெட்டிக் கட்டுகிறார்களே, அது கொக்கிக் கயிற்றைவிட எனக்குப் பிடிக்கும். கொக்கி இல்லை, முடிச்சு வழுக்காது, செலவும் இல்லை. எதைக் கட்டினாலும் மீதமுள்ள வாலை மடித்துச் செருகுங்கள். தொங்கும் வால் செயினிலோ ஸ்போக்கிலோ சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கட்டி முடித்து இரண்டு கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்தி, கையால் ஆட்டிப் பாருங்கள். முதல் இரண்டு கிலோமீட்டரில்தான் எல்லாக் கட்டும் தளரும்.

ராயக்கோட்டை விவசாயி: தக்காளி கிரேட் இரண்டு கட்டி மண்டிக்குப் போகிறேன். செயின் சத்தம் போடுகிறது என்று அடிக்கடி இறுக்குகிறேன். விடிகாலையில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் லைட் அடித்துத் திட்டுகிறார்கள்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பின்பக்கம் அமுங்குகிறது.

வெறும் வண்டியில் செயினை விறைப்பாக இறுக்கிவிட்டு மேலே ஐம்பது கிலோ ஏற்றுகிறீர்கள். பின்பக்கம் அமுங்கும்போது முன் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) திரும்பும் போல்ட், பின் அச்சு மூன்றும் ஒரே நேர்க்கோட்டை நோக்கி வருகின்றன. அந்த நிலையில்தான் செயினுக்குத் தூரம் அதிகம். ஏற்கெனவே விறைத்த செயின் இன்னும் இழுபட்டு, பல்லையும் பேரிங்கையும் தின்னும். சத்தம் அதனாலும் வரும். கையேட்டில் சொன்ன தளர்வு இருக்கட்டும். அதோடு லோடு ஏற்றியபின் ஒருவரை ஏறி உட்காரச் சொல்லி, செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். கொஞ்சமாவது ஆட வேண்டும். கம்பி மாதிரி நின்றால் தளர்த்துங்கள்.

லைட்டுக்கு: இருட்டிய பிறகு வெறும் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, வெளிச்சம் விழும் உயரத்தில் கரிக்கோடு போடுங்கள். அதே இடத்தில் லோடோடு நிறுத்திப் பாருங்கள், வெளிச்சம் கோட்டுக்கு மேலே ஏறியிருக்கும். எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போவது அதுதான். பல வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு அடியில் ஒரு திருகு இருக்கும், அதில் இறக்கிக்கொள்ளலாம்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்: ஸ்கூட்டரில் எல்கேஜி போகும் மகள் முன்னால் நிற்கிறாள், இரண்டாம் வகுப்புப் பையன் பின்னால். இரண்டு பேர் பையும் முன் கொக்கியில். பையை அங்கே மாட்டுவது சரியா?

கேள்வி பையைப் பற்றி, நான் பதில் சொல்வது குழந்தையைப் பற்றி. மன்னியுங்கள். சட்டப்படி ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான். 2023 பிப்ரவரியிலிருந்து, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்றும் விதி இருக்கிறது. முன்னால் நிற்கும் பிள்ளையின் முகம் சரியாக ஹேண்டில் உயரத்தில் இருக்கிறது. திடீர் பிரேக்குக்கு அந்த ஒன்றே போதும். இன்னொன்று, பள்ளிக்கூட வாசலில் பையனை இறக்க நீங்கள் இறங்கும்போது இன்ஜினை அணைத்துச் சாவியை எடுங்கள். முன்னால் நிற்கும் குழந்தை விளையாட்டாக ஆக்சிலேட்டரை முறுக்கி வண்டி பாய்ந்து, பட்டறைக்கு வந்த கேஸ்கள் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அம்மாவோடு பேசி, ஆளுக்கொரு பிள்ளையாகப் பிரித்துக்கொள்ள முடியுமா பாருங்கள்.

காரிமங்கலம்: ஸ்கூட்டர் காலடியில் 25 கிலோ அரிசிச் சிப்பம் வைக்கலாமா? கேஸ் சிலிண்டர்?

அரிசி, பக்கத்தில்தான் என்றால் வைக்கலாம். கனம் தாழ்வாகவும் நடுவிலும் இருப்பது வண்டிக்கு நல்லதே. மூட்டையைப் படுக்கவைத்து, உங்கள் கால் வெளியே தொங்காமல் உள்ளே வைக்க இடம் விடுங்கள். சிலிண்டர் வேண்டாம். நிரம்பிய சிலிண்டரை இரண்டு சக்கர வண்டியில் கொண்டுபோகச் சிலிண்டர் விதிகளிலேயே தடை. வீட்டுக்குக் கொண்டுவருகிறவரிடமே வாங்குங்கள்.

அரூர்: பின்னால் பெட்டி மாட்டலாமா, எவ்வளவு பெரிது?

மாட்டலாம். விதியில் நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டர் வரை. பின்சீட்டின் மேலேயே மாட்டினால் ஆள் ஏற்றக் கூடாது. பெட்டியில் மழைக்கோட்டு, ஹெல்மெட் மாதிரி லேசானவற்றைப் போடுங்கள். ஸ்பேனர் செட்டை அதில் வைக்காதீர்கள். உயரத்தில், பின்னால், கனமாக: மூன்றும் சேர்ந்தால் வேகம் அறுபதைத் தாண்டியதும் ஹேண்டில் நடுங்கும்.

போச்சம்பள்ளி: மழையில் பைக்குள் எல்லாம் நனைகிறது. வாட்டர்ப்ரூஃப் பை விலை அதிகம்.

யூரியா மூட்டையின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழுவிக் காயவைத்து, பைக்குள் போட்டு, துணியை அதற்குள் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். நன்றாகக் கழுவுங்கள், சட்டையில் வாசனை வரும்.

பென்னாகரம்: ஒகேனக்கல்லில் வண்டியில் மாட்டியிருந்த புதுப் பையைக் குரங்கு கிழித்துவிட்டது. எந்த கம்பெனிப் பை கிழியாது?

அப்படி ஒரு பை இன்னும் வரவில்லை. உள்ளே என்ன இருந்தது, முறுக்கா, வறுத்த மீனா?