ஏரியோரம் எளிய வீடு: வாசகர் கேள்வி பதில்

ஏரி, குளம் ஓரமாக அலங்காரமில்லாத ஒரு வீடு கட்டுவது பற்றி வந்த கடிதங்களில் சில இங்கே. பலரும் சன்னலில் இருந்து கேள்வியைத் தொடங்கியிருக்கிறார்கள். நாங்கள் தண்ணீர் மட்டத்தில் இருந்து தொடங்குகிறோம்.

ஏரியைப் பார்த்த மாதிரி 12 சென்ட் பட்டா மனை. மே மாதம் போய்ப் பார்த்தபோது தண்ணீர் 200 அடி தள்ளி இருந்தது. வீட்டை எவ்வளவு முன்னால் கொண்டுபோகலாம்? (வாசகர், மதுராந்தகம்)

மே மாதத் தண்ணீரை வைத்து அளக்காதீர்கள். ஏரியின் உண்மையான எல்லை கார்த்திகையில்தான் தெரியும். கலங்கலைப் (ஏரி நிரம்பினால் மிஞ்சிய நீர் வழியும் சுவர்; தென் மாவட்டங்களில் மறுகால், ஈழத்தில் வான்) போய்ப் பாருங்கள். அதன் தலைமட்டம்தான் ஏரி நிரம்பியபின் நிற்கும் மட்டம். பெருமழையில் கலங்கலுக்கு மேல் இன்னும் சில அடி வழியும். கலங்கல் சுவரின் பக்கவாட்டில் படிந்த சேற்றுக் கோடு அதைக் காட்டிக்கொடுக்கும். அந்தக் கோட்டு மட்டத்தை ஆட்டோ லெவல் (தொலைநோக்கி வழியே மட்டம் பார்க்கும் கருவி) வைத்திருக்கும் சர்வேயரைக் கொண்டு மனைக்கு எடுத்து வந்து ஒரு கல்லில் குறித்து வையுங்கள். மேஸ்திரியின் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) 50, 60 அடிக்குச் சரி. அதற்கு மேல் குழாயில் ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் கணக்கு தப்பிவிடும். வீட்டின் தரை அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 2 அடி மேலே இருக்கட்டும்.

உயரம் போதவில்லையென்று மண் கொட்டி மேடாக்க வேண்டாம். அது ஏரியின் கொள்ளளவைத் தின்னும். உங்கள் மனையில் நிற்க வேண்டிய நீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். தூண் மேல் வீட்டைத் தூக்குங்கள், கீழே நீர் வந்து போகட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் காகிதம். பட்டா மட்டும் போதாது. 'அ' பதிவேட்டிலும் (கிராம நிலப் பதிவேடு) புல வரைபடத்திலும் அந்த சர்வே எண் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நீர்வளத் துறையிடம் வெள்ளப் பாதிப்பு குறித்துச் சான்று வாங்குங்கள். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தரகர் 'எல்லாம் கிளியர் சார்' என்றால் கூடுதலாக ஒருமுறை பாருங்கள்.

மனை உள்வாய்ப் பக்கம் (கரைக்கு உள்ளே, நீர் நிற்கும் பக்கம்) இல்லாமல் கரைக்கு வெளியே, ஆயக்கட்டுப் பக்கம் (ஏரி நீர் பாயும் வயல் பக்கம்) இருந்தால் கதை வேறு. அங்கே ஏரி நிரம்பினால் உங்கள் தரையைவிட நீர் உயரத்தில் நிற்கும். கரையின் அடிவாரத்தை ஒட்டிக் கிணறோ தொட்டியோ தோண்டக் கூடாது. கசிவு நீர் அந்தப் பள்ளத்துக்குள் மண்ணை இழுத்து வரத் தொடங்கினால் கரையே அரித்துப்போகும்.

எங்கள் மண் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிறது. சாதாரண அஸ்திவாரம் தாங்குமா? (வாசகி, உத்திரமேரூர்)

மண் எவ்வளவு உப்பும் என்பதை நீங்களே பார்த்துவிடலாம். 4 அடி ஆழத்து மண்ணை எடுத்து உலர்த்திப் பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள். 100 மில்லி அளவு ஜாடிகள் இரண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் 10 கிராம் மண். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய், இரண்டிலும் 100 மில்லி கோடு வரை. மெல்லக் கலக்கிக் காற்றை வெளியேற்றி 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. அங்கே மண் 10 மில்லி கோட்டில் படிந்து, தண்ணீரில் 17 மில்லிக்கு ஏறியிருந்தால் உப்பல் 70 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே சாதாரண அஸ்திவாரத்தை மறந்துவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் போங்கள்.

இந்த மண்ணுக்கு ஏற்றது அண்டர்ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ்போல விரிந்த கான்கிரீட் தூண். 30 செ.மீ. தண்டு, அடியில் 75 செ.மீ. அகலத்துக்கு விரியும் குமிழ், 3.5 மீட்டருக்குக் குறையாத ஆழம், இரண்டு பைலுக்கு இடையே குறைந்தது 1.5 மீட்டர். மேல்மண் உப்பித் தூக்கும்போது, ஈரம் அதிகம் மாறாத ஆழத்தில் அந்தக் குமிழ் நங்கூரம்போலப் பிடித்துக்கொள்ளும். பங்குனி முதல் வைகாசிக்குள் முடித்துவிடுங்கள், தோண்டிய அன்றே கான்கிரீட் போடுங்கள். நீர் ஏறினால் குமிழின் கூரை சரிந்து, வெறும் குச்சி மட்டும் மிஞ்சும். மேலே இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

பைல்களை இணைத்துச் சுவரைத் தாங்கும் பிளிந்த் பீமுக்கு (கான்கிரீட் உத்திரம்) அடியில் 8 செ.மீ. இடைவெளி காலியாக இருக்க வேண்டும். கெடுவது இங்கேதான். 'சும்மா ஏன் விடணும்' என்று யாராவது அதில் மணலை அடைத்துவிடுவார்கள். முதல் மழையில் மண் உப்பி, பீமை முட்டி, மேலே சன்னல் மூலையில் இருந்து சுவர் கோணலாக வெடிக்கும். பக்கவாட்டில் கடப்பைக் கல்லைச் சாய்த்து மூடினால் எலி போகாது, இடைவெளியும் தப்பும்.

ஏரி மேற்கே இருக்கிறது. அந்தச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைக்க ஆசை. (வாசகர், செங்கல்பட்டு)

ஆசை புரிகிறது, ஆனால் வேண்டாம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானத்தில் இருந்து ஏறக்குறைய 30 பாகையில் நிற்கும். 2 அடி சன்ஷேடு அப்போது ஒன்றேகால் அடி நிழல்தான் தரும். மீதிக் கண்ணாடி முழுக்க வெயில். நான்கு மாதத்தில் திரை போடுவீர்கள், அப்புறம் ஏரியும் தெரியாது.

அதற்குப் பதில் 8 அடி அகலத் தாழ்வாரம், கூரை விளிம்பு 7 அடி உயரத்தில். அதே 4 மணிக்குச் சுவரில் கீழ் இரண்டு அடிதான் வெயில் படும். ஐந்து மணிக்கு மேல் மூங்கில் தட்டியை இறக்கிக்கொள்ளலாம். சுவரில் 6 அடி அகலத்தில் ஒரே சன்னல். அடிப்பலகை ஒன்றரை அடி உயரத்தில், திண்ணைபோல உட்கார வசதியாக. நின்றால் கூரை விளிம்பு வானத்தை மறைக்கும், உட்கார்ந்தால் நீர் தெரியும். இந்த வீட்டில் உட்காரத்தானே போகிறீர்கள்.

நீரில் பட்டுத் திரும்பும் ஒளி கீழிருந்து வருவதால் எந்தச் சன்ஷேடும் அதைத் தடுக்காது. தாழ்வாரத்துக்கு வெளியே இடுப்பளவு செடி வளர்த்தால் பாதிக் கண்கூச்சம் அடங்கும். கண்ணாடியில் ஏரியின் பிம்பத்தைப் பார்த்துப் பறவைகள் மோதும். வெளிப்பக்கம் 10 செ.மீ.க்கு ஒரு மெல்லிய கயிறு செங்குத்தாகத் தொங்கவிட்டால் ஒதுங்கிப் போகும்.

செப்டிக் டேங்க் எங்கே வைப்பது? (பலர்)

எங்கே என்பதோடு எப்போது காலி செய்வது என்பதையும் கேட்டிருக்க வேண்டும். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் உள்ள தொட்டியின் உள்ளே 3 கன மீட்டர் வெற்றிடம். ஐப்பசியில் லாரி வரவழைத்து உறிஞ்சினால், சுற்றிலும் தரைமட்டம் வரை ஏறிய நிலத்தடி நீர் அதை 3 டன்னுக்குக் குறையாத விசையோடு மேலே தள்ளும். ரெடிமேட் பிளாஸ்டிக் தொட்டிகள் குழாயை முறித்துக்கொண்டு தரைக்கு மேல் எழும்புவது இப்படித்தான். அடித்தளக் கான்கிரீட்டை நாலு பக்கமும் 30 செ.மீ. நீட்டிப் போட்டால் மேல்மண்ணின் எடை அதை அமுக்கிப் பிடிக்கும். தொட்டியையும் அதோடு கம்பியால் பிணைக்க வேண்டும். சுத்தம் செய்வதைச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறிஞ்சு குழி இங்கே உதவாது. மழைக்காலத்தில் நீர் உள்ளே இறங்குவதற்குப் பதில் திரும்பி வரும். தொட்டியிலிருந்து வரும் நீரைத் தரைக்கு மேலே கட்டிய ஜல்லிப் பாத்திக்கு விடுங்கள். நாலு பேருக்கு 6 சதுர மீட்டர், 60 செ.மீ. ஆழம். நீர் நுழையும் முனையில் 40 மி.மீ. ஜல்லி, மற்ற இடத்தில் 12 முதல் 20 மி.மீ. ஜல்லி, மேலே கல்வாழை. நீர் மட்டம் ஜல்லிப் பரப்புக்கு 5 செ.மீ. கீழேயே நிற்கும்படி வெளிக்குழாயை வையுங்கள், கொசு வராது. வீடு ஏற்கெனவே உயரத்தில் இருப்பதால் பம்ப் தேவைப்படாது. சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு நேரே போனால் பாத்தி விரைவில் அடைத்துக்கொள்ளும். இடையில் பிசுக்கைப் பிடித்து நிறுத்த ஒரு சின்னக் கொழுப்புத் தொட்டி கட்டாயம். மிஞ்சும் நீர் வாழைப் பாத்திக்கு. ஏரிக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது.

மினிமலிஸ்ட் வீடு என்றால் வெள்ளைச் சுவர், மூடிய அலமாரிகள்தானே? (வாசகி, கோவை)

படத்தில் அப்படித்தான் இருக்கும். ஏரிக் காற்றின் ஈரத்தில் மூடிய பிளைவுட் அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும், பிளாஸ்டிக் பெயின்ட் கொப்புளிக்கும். கடப்பைக் கல் தட்டுகள், கதவில்லாமல். சுவருக்குச் சுண்ணாம்பு, அது ஈரத்தை உள்ளே அடைக்காது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் (செங்கல்லை நிமிர்த்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது) செங்கல் கால்பங்கு மிச்சம், சுவருக்குள் இருக்கும் காற்றறை வெப்பத்தையும் தடுக்கும். கொத்தனார் அந்த அறையில் கலவையைக் கொட்டி நிரப்பாமல் கூடவே நின்று பாருங்கள். அஸ்திவாரத்திலிருந்து சன்னல் அடி வரை வெற்றிடம் இல்லாத கெட்டிக் கட்டாக இருக்கட்டும்.

கரையோரம் புல்வெளி போடலாமா? (வாசகர், மதுரை)

புல்வெளிக்குப் போடும் உரம் மழையில் ஏரிக்குத்தான் போகும், ஆகாயத்தாமரை செழிக்கும். நாணலையும் சம்பையும் விட்டுவையுங்கள். அரிக்கும் சரிவில் வெட்டிவேர் நாற்று, வரிசையில் 15 செ.மீ.க்கு ஒன்று. மரம் வேண்டுமென்றால் நீர்மருது, புங்கன், நாவல். களிமண்ணில் வேர் நீரை உறிஞ்சினால் மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கும் என்பதால், மரம் வளரக்கூடிய உயரத்துக்குச் சமமான தூரம் வீட்டிலிருந்து தள்ளி நடுங்கள்.

இரவில் விளக்கு போட்டால் பூச்சி மொய்க்கிறது. (வாசகி, திருவள்ளூர்)

ஏரிப் பக்கம் வெள்ளை எல்இடியை மாற்றி 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு போடுங்கள். அதையும் கூரை விளிம்பில் மாட்டாமல், முழங்கால் உயரத்தில் தரையைப் பார்த்தபடி வையுங்கள்.