ஜுவென்டஸ் சட்டை அரக்கு நிறத்தில் இருந்தால் போலியா?

வணக்கம். இத்தாலியக் கால்பந்து கிளப்பான ஜுவென்டஸ் என்றால் கறுப்பு வெள்ளைதான், உங்கள் அரக்கு நிறச் சட்டை போலி என்று நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நிறத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பெயரில் பிரேசிலிலும் ஒரு கிளப் இருக்கிறது. அவர்கள் நிறமே அரக்குதான்.

சாவோ பாலோ நகரின் மோவோக்கா பகுதி, இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த ஆலைப் பேட்டை. அங்கே ரொடோல்ஃபோ கிரெஸ்பியின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 1924இல் தொடங்கிய அணி இது. முதலில் ஆலையின் பெயரே அணிக்கும். 1930இல்தான் ஜுவென்டஸ் ஆனது. பெரிய அணிகளுக்கு அவ்வப்போது அதிர்ச்சி கொடுத்ததால் 'குறும்புக்காரப் பையன்' என்று செல்லப்பெயர். 1983இல் தேசிய இரண்டாம் பிரிவுக் கோப்பையையும் வென்றார்கள்.

அப்புறம், அவர்களுடைய ஜவாரி தெரு மைதானத்தை மறக்கவே கூடாது. 1959 ஆகஸ்ட் 2 அன்று எதிரணியான சான்டோஸுக்காக ஆடிய பெலே, பந்தைத் தரையில் விடாமல் தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேல் தூக்கி, கோல்கீப்பரையும் அப்படியே தாண்டித் தலையால் முட்டி கோல் போட்டார். தன் கோல்களிலேயே அழகானது என்று அவர் சொன்னது அதைத்தான். படப்பதிவு கிடையாது. பின்னாளில் கணினியில்தான் உருவாக்கிப் பார்த்தார்கள்.

சட்டையைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதில் இருப்பது எந்தக் கிளப்பின் சின்னம் என்று ஒருமுறை பாருங்கள்.