வளரும் நாடுகளில் சிறு தொழில்கள் பெரிய சமூகப் பிரச்சினைகளைத் தீர்க்கின்றன என்பது உண்மையா, வெறும் பேச்சா?

கேட்ட தோரணையைப் பார்த்தால் கல்லூரிக் கட்டுரைக்காகக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. புள்ளிவிவரம் என்னிடம் இல்லை. அக்கா கதை இருக்கிறது.

நான் சிங்கப்பூரில், தேக்கா பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மன்னார்குடி அருகே கிராமத்தில் அக்கா மகளிர் குழுவோடு சேர்ந்து சானிட்டரி நாப்கின் செய்கிறார். கோவை அருணாசலம் முருகானந்தம் 2016இல் பத்மஸ்ரீ வாங்கினாரே, அவர் உருவாக்கிய வகை மெஷின். பாதிப் பணம் நான் அனுப்பியது, பெருமைக்குத்தான் சொல்கிறேன். மரக்கூழைப் பஞ்சாக உதிர்த்து, அச்சில் அழுத்தி, மேலுறை ஒட்டி, புற ஊதா விளக்கில் காட்டி எடுக்கிறார்கள். அறை முழுக்க வெள்ளைத் தூசி, அக்கா புருவத்தில்கூட.

செய்வதைவிட விற்பதில்தான் சூட்சுமம். மருந்துக் கடையில் ஆம்பளை நின்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்காமலே திரும்பிவிடுவார்கள். குழுப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து, பாக்கெட்டைப் பிரித்து இரண்டு மூன்றாகக்கூடக் கொடுக்கிறார்கள், காசு கூலி வந்த பிறகு. எந்தப் பெரிய கம்பெனி இப்படிக் கடன் சொல்ல விடும்?

"சேவையில் லாபமா?" என்று கேட்க யாராவது வருவார்கள். லாபம் இல்லையென்றால் அடுத்த மாதம் மரக்கூழ் வாங்க முடியாது, ஐயா. நன்கொடையாக வந்த மெஷின் ஒன்று பக்கத்து ஊரில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. அரசாங்கம் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. புதுயுகம் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே நாப்கின் கொடுக்கிறார்கள், நல்லதுதான்.

ஆனால் நல்லது செய்யும்போதும் சின்னத் தொழில்காரர்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாப்கினுக்கு இருந்த 12 சதவீத ஜிஎஸ்டியை 2018 ஜூலையில் எடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினோம். மூலப்பொருளுக்கு வரி நின்றபாடில்லை. ஜிஎஸ்டியில் பதிவு செய்திருந்த உற்பத்தியாளர்கள் முன்பு அதை நாப்கினுக்குக் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். விலக்கு வந்ததும் அந்த வழி அடைபட்டது. பாதி லாபம் அதிலேயே போனது என்று அக்கா புலம்பினார்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? கட்டுமான வேலைத் தம்பிகளுக்குச் சம்பள நாள் வரைக்கும் அரிசி, பருப்பு கணக்கில் கொடுக்கிறேன். அதுவும் சமூகப் பிரச்சினைக்கு உதவிதானே? வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கட்டட உரிமையாளருக்கு அதெல்லாம் கண்ணில் படாது. ஆயிரம் வெள்ளி ஏற்றிவிட்டு, "மார்க்கெட் ரேட்" என்கிறார். கடை வாடகையைப் பற்றி யாராவது தனியாக ஒரு கேள்வி போடுங்கள், விடிய விடிய எழுதுகிறேன்.