வெறும் ‘ட்ரீட்டட்’ என்றால் போதாது: மர டெக் பற்றிய கேள்விகள்

மர டெக், அதாவது வெட்டவெளியில் பலகை பாவிப் போடும் தளம், பற்றிய கடிதங்கள் கடற்கரை ஓரமாக வீடு கட்டுகிறவர்களிடமிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் தொடர்ந்து வருகின்றன. இந்த முறை அவற்றையே எடுத்துக்கொண்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

மொட்டை மாடியில் 200 சதுர அடிக்குப் பைன் மர டெக் போட இரண்டு பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் சொல்வதில் பாதிதான் மற்றவர் சொல்கிறார். இருவருமே ‘ட்ரீட்டட் மரம், பத்து வருஷம் நிற்கும்’ என்கிறார்கள். யாரை நம்புவது?
– வாசகர், நீலாங்கரை

இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். ‘ட்ரீட்டட்’ (மருந்து ஏற்றிப் பதப்படுத்தியது) என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் ஊரில் நடக்கும் வியாபாரத்தின் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பைன் மரத்துக்குத் தன்னளவில் எதிர்ப்புச் சக்தி கிடையாது. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தொடாது, பைனை விட்டு வைக்காது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சையும் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையும் பலகைக்கு அது ஒன்றும் பெரிய அளவில்லை. இந்த மரம் வெளியில் நிற்க வேண்டுமென்றால் மருந்து உள்ளே போயாக வேண்டும். அதற்குத்தான் அழுத்தம். மரத்தை இரும்பு உருளைக்குள் வைத்து மூடி, முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு மருந்துக் கரைசலை நிரப்பி, பல மடங்கு அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் தள்ளுவார்கள். இங்கிலாந்தில் ஜான் பெத்தெல் 1838-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். உலகமெங்கும் பல பத்தாண்டுகள் ஓடிய செம்பு-குரோமியம்-ஆர்செனிக் மருந்தை 1933-ல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சொன்டி காமேசன். மரப் பாதுகாப்புக்கென்றே ஐஎஸ் 401 என்ற இந்தியத் தர விதிமுறையும் இருக்கிறது. இவ்வளவும் நம் நாட்டிலேயே இருக்க, கடையில் கிடைப்பது என்ன? தொட்டியில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்த பலகை. அல்லது பிரஷ்ஷால் பூசிய பலகை. சில இடங்களில் வெறும் பச்சைச் சாயம். மூன்றுக்கும் ஒரே பெயர், ட்ரீட்டட்.

முக்கி எடுத்த பலகையில் மருந்து மேல்தோலோடு நின்றுவிடும். சித்திரை வெயிலில் பலகை வெடிக்கும்போது அந்த வெடிப்புக்குள் தெரிவது மருந்தே படாத மரம். அடுத்த மழைத் தண்ணீர் நேரே அங்கேதான் இறங்கும்.

அதனால் இருவரிடமும் கேளுங்கள்: என்ன மருந்து? அழுத்த முறையா? எந்த இடத்துக்கான தரம்? நியூசிலாந்திலிருந்து வரும் பைனில் பலகை முனையில் ‘எச்’ என்று தொடங்கும் குறி இருக்கும். டெக் பலகைக்கு எச்3.2 வேண்டும். எச்3.1 என்பது பெயின்ட் அடித்து மூடும் வெளிப்பலகைகளுக்கானது. மண்ணைத் தொடும் கம்பத்துக்கு எச்4. எச்1 வீட்டுக்குள் மட்டும். குறியை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். மாதிரிப் பலகை ஒன்றை விலை கொடுத்தே வாங்கி, முனையிலிருந்து ஓரடியாவது தள்ளி அறுத்துப் பாருங்கள். முனையில் மருந்து எப்போதும் ஆழமாகத்தான் ஏறியிருக்கும், அதைப் பார்த்துப் பயனில்லை. நடுவில் அறுத்தால், வைரப் பகுதி எனும் உள்மரம் தவிர மற்ற இடமெல்லாம் மருந்தின் பச்சை நிறம் ஓடியிருக்க வேண்டும். ஓரத்தில் கோடு போட்டதுபோல் மட்டும் தெரிந்தால் அந்தக் கடைக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பாதி விலைக்காரர் அறுத்துக் காட்ட மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். 2016-ல் மாடியில் ஒரு சின்ன டெக் போட்டேன். நல்ல மரம்தான், அறுத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் தச்சர் ஒவ்வொரு பலகையையும் அளவுக்கு வெட்டிப் பொருத்தினார். வெட்டிய முனைகளில் மருந்து பூச வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, விற்றவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. மூன்றாவது மழைக்காலத்தில் முனைகள் மட்டும் கேக்குபோல உதிர்ந்தன. நடுப் பலகைகள் இன்றும் திடமாக இருக்கின்றன. செம்பு நாப்தனேட் போன்ற மருந்து ஒரு டப்பா வாங்கி வைத்துக்கொண்டு, வெட்டிய இடம், துளை போட்ட இடம் எல்லாவற்றிலும் தாராளமாகப் பூசச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அடிச்சட்டத்தை மாடித் தளத்தில் துளை போட்டு இறுக்க விடாதீர்கள். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அந்த நிமிடமே வீணாகிவிடும். உயரம் சரிசெய்யும் தாங்கிகள் மேல் உட்கார வைக்கலாம். மழைநீர்க் குழாய் வாய்க்கு மேல் வரும் பலகையைக் கழற்றி மாட்டும்படி விடச் சொல்லுங்கள்.

டெக் போட்டு மீந்த துண்டுகளை வெந்நீர் அடுப்பில் எரிக்கலாமா?
– வாசகி, கடலூர்

கூடவே கூடாது. பழைய வகை மருந்தாக இருந்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும். அந்தச் சாம்பலைச் செடிக்கும் போடாதீர்கள்.

‘ட்ரீட்டட் ரப்பர் மரம், மழை வெயில் எதற்கும் அசையாது’ என்று சொல்லி வீட்டு முற்றத்தில் டெக் போட்டுக் கொடுத்தார்கள். ஓய்வூதியப் பணம். இரண்டே மழைக்காலம். போன மாதம் என் மனைவி கால் வைத்த இடத்தில் பலகை உடைந்து கணுக்கால் பிசகிவிட்டது. ‘நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை’ என்கிறார்கள். என் தப்பா?
– வாசகர், மார்த்தாண்டம்

உங்கள் தப்பு இல்லை ஐயா. அம்மாவின் கால் முதலில் குணமாகட்டும். மருத்துவச் சீட்டு, எக்ஸ்ரே ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

ரப்பர் மரத்தைப் பெரும்பாலும் போரான் உப்பில் பதப்படுத்துகிறார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. நாற்காலி, கட்டில், அலமாரிக்கு அது நல்ல முறை, பூச்சி அண்டாது. ஆனால் போரான் தண்ணீரில் கரையும். மழையில் நனைய நனைய மருந்து கழுவிப் போய், கடைசியில் வெறும் ரப்பர் மரம்தான் மிஞ்சும். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே தொழில் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. வீட்டுக்குள் போட வேண்டியதை வெளியில் போட்டுவிட்டுப் பராமரிப்பின் மேல் பழியைப் போடுகிறார்.

இப்படிச் செய்யுங்கள். உடைந்த பலகைகளைத் தூக்கிப் போடாதீர்கள், எரிக்காதீர்கள். தேதி தெரியும்படி படம் எடுங்கள். அவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: எப்போது போட்டது, என்ன சொல்லி விற்றார், என்ன ஆனது, எவ்வளவு திருப்பித் தர வேண்டும், எத்தனை நாளுக்குள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. சோதித்துத்தான் குறையைச் சொல்ல முடியும் என்ற நிலை வந்தால் மரத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பலகையைப் பத்திரப்படுத்தச் சொன்னது அதற்காகத்தான். இரண்டு வருடக் காலக்கெடு இருப்பதால் தள்ளிப்போட வேண்டாம். மருத்துவச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒரு தெரிந்தவர் மூலமாக டெக் வேலை கொடுத்தேன். பில் போட்டால் வரி சேரும் என்றதால் பில் வேண்டாம் என்று சொல்லி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டேன். அடிச்சட்டம் மட்டும் போட்டுவிட்டுப் போனவர் நாலு மாதமாகப் போனை எடுக்கவில்லை. என்ன மரம் என்றுகூட எனக்குத் தெரியாது.
– வாசகர், கோவை

பில் வேண்டாம் என்று சொன்னது நீங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்தது நீங்கள். என்ன மரம் என்று கேட்காததும் நீங்கள். வரியில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய் மொத்தத்தையும் பணயம் வைத்திருக்கிறீர்கள். இந்தப் பகுதியில் இதை எத்தனை முறை எழுதுவது? மரம் வந்து இறங்கும்போது ஒரு பங்கு, வேலை பாதியில் ஒரு பங்கு, முடிந்து ஒரு மழை பார்த்த பிறகு மீதி. இதற்கு ஒத்துக்கொள்ளாதவருக்கு வேலை கொடுக்காதீர்கள்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. பணம் அனுப்பிய வங்கிக் குறிப்பும் வாட்ஸ்அப் பேச்சும் ஆதாரம்தான், எதையும் அழிக்காதீர்கள். விற்றவர் பில் தராமல் இருப்பதே சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் ‘அவர்தான் வேண்டாம் என்றார்’ என்று நுகர்வோர் ஆணையத்தில் சொல்வார், அதற்கும் தயாராகப் போங்கள். மேலே மார்த்தாண்டம் வாசகருக்குச் சொன்ன அதே வழிதான்.

டெக் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. மரம் நன்றாக இருக்கிறது, ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்து ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு வளையம். வீட்டுக்கும் கடலுக்கும் 300 மீட்டர்தான்.
– வாசகி, புதுச்சேரி

மருந்தில் இருக்கும் செம்பு, ஈரம், சாதாரண இரும்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் இரும்பை அரித்துவிடும். ஆர்செனிக் இல்லாத புதிய மருந்துகளில் செம்பு இன்னும் அதிகம். உங்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டது. ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். காந்தம் இறுக்கமாக ஒட்டினால் அது 316 இல்லை. ஒட்டவில்லை என்பதால் மட்டும் 316 ஆகிவிடாது, 304-ம் அப்படித்தான். பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து, பில்லிலும் தரத்தை எழுதி வாங்குங்கள். அடிச்சட்டத்தைப் பிடிக்கும் இரும்புப் பட்டைகளையும் பார்க்க மறக்காதீர்கள். பலகை விழுந்தால் கால்தான் இடறும், அந்தப் பட்டை அறுந்தால் டெக்கே இறங்கிவிடும்.

மரமே வேண்டாம், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் டபிள்யூபிசி பலகை போட்டுவிடு என்கிறான் மகன். கரையான் வராதாமே?
– வாசகி, திருச்சி

வராது என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் திருச்சி வெயிலில் அது மரத்தைவிட அதிகமாகச் சுடும், அடர்நிறம் என்றால் இன்னும் மோசம். மாதிரித் துண்டு ஒன்றை மாடியில் மதியம் இரண்டு மணிக்கு வைத்து, வெறுங்காலோடு நின்று பாருங்கள். நிற்க முடிந்தால் வாங்குங்கள். வெயிலில் நீளவாக்கில் விரியும் என்பதால் முனைக்கு முனை இடைவெளி விடச் சொல்லுங்கள். மரத்துக்குப் போடுவதைவிட அடிச்சட்டங்களையும் நெருக்கமாகப் போட வேண்டும்.

கரையானுக்குப் பழைய இன்ஜின் ஆயில் பூசினால் போதும் என்கிறார் மேஸ்திரி.
– வாசகர், விழுப்புரம்

போதாது. உள்ளே இறங்காது, வழுக்கும், துணியில் ஒட்டும், மழையில் வழிந்து மண்ணையும் கெடுக்கும்.

முடிச்சூரில் வீடு. தோட்டத்தில் தரையோடு தரையாக டெக் போட ஆசை. 2023 மிக்ஜாம் புயலில் தோட்டத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. வெப்பத்தில் பதப்படுத்திய மரம் போடச் சொல்கிறார்கள். மருந்தே இல்லையாம்.
– வாசகர், முடிச்சூர்

மருந்து இல்லாததுதான் அங்கே சிக்கல். அதிக வெப்பத்தில் வாட்டிய மரம் அழுகலைத் தாங்கும், வளையாது, பார்க்கவும் அழகு. ஆனால் கரையானை நிறுத்தாது. மண்ணைத் தொடும் இடத்துக்கு அது ஏற்றதும் இல்லை. முழங்கால் தண்ணீர் நின்ற இடத்தில் தரையோடு தரையாக எந்த மர டெக்கும் வேண்டாம் என்பதே என் கருத்து. செங்கல் பாவிக்கொள்ளுங்கள். ஆசை விடவில்லை என்றால் கான்கிரீட் கட்டைகள்மேல் ஒன்றரை அடியாவது உயர்த்தி, அடியில் காற்றோட விட்டு, கம்பத்துக்கு எச்4, மேலே எச்3.2.

பால்கனிக்கு ஆன்லைனில் கிடைக்கும், ஒன்றோடொன்று மாட்டும் மர டைல் எப்படி?
– வாசகி, அடையாறு

வாங்கி ஏமாந்தவன் நான். பிளாஸ்டிக் அடித்தட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கி, ஒரே மழைக்காலத்தில் கொசுவும் பாசியும் வந்தன. மழைச் சாரல் படாத பால்கனி என்றால் வாங்குங்கள். மாதத்துக்கு ஒருமுறை கழற்றி அடியில் கழுவ உங்களால் முடியுமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் டெக் வேலையைத் தொடங்கலாம்?
– வாசகர், நாகப்பட்டினம்

பிப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், கடும் வெயில் தொடங்கியிருக்காது. மரத்தை இறக்கியதும் நிழலில், காற்றோட்டமாக அடுக்கி இரண்டு மூன்று வாரம் காயவிட்டுப் பிறகு ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள்.