சாய்தளக் கணக்கில் முடுக்கம் ஏன் −9.68 என்று மைனஸில் வருகிறது?
விடை 4.9 மீ/வி². உராய்வில்லாத 30 பாகைச் சாய்தளத்துக்கு நீங்கள் எழுதிய 9.8 × சைன் 30 சரியானதுதான் (9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம்). −9.68 வந்ததற்குக் காரணம், பெரும்பாலும் உங்கள் கால்குலேட்டர் பாகைக்குப் பதிலாக ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) இருப்பது. அது 30-ஐ ரேடியனாக எடுத்துக்கொண்டு சைன் மதிப்பை −0.988 என்று தருகிறது.

சைன் 30 மட்டும் தட்டிப் பாருங்கள். 0.5 வராவிட்டால் டிகிரிக்கு (பாகைக்கு) மாற்றுங்கள்.

தளம் படுத்துக் கிடந்தால் முடுக்கம் 0, செங்குத்தாக நின்றால் 9.8. கீழ்நோக்கிய திசையை நேர்க்குறியாக எடுத்தால் விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழ வேண்டும். மைனஸைப் பார்த்துச் சந்தேகப்பட்டீர்களே, அது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், தனிச்சீரிசை இயக்கக் கணக்கு (ஊசல்போல முன்னும் பின்னும் ஆடும் இயக்கம்) வரும்போது ரேடியனுக்குத் திரும்ப மறக்காதீர்கள். அங்கே கோண அதிர்வெண்ணை வினாடிக்கு இத்தனை ரேடியன் என்றுதான் தருவார்கள்.